படத்தில் வீசிய மரக்கத்தியை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது எப்படி

எங்கள் வீட்டில் ஒரு கத்தி இருக்கிறது. மூன்றரை அடி நீளம், மரத்தில் செதுக்கியது. அலகு முழுக்க சில்வர் பெயிண்ட். கைப்பிடியில் காகிதக்கூழால் செய்த சிங்கமுகம், அதற்கு ஒரு கண்ணில் சிவப்புக் கண்ணாடிக்கல், இன்னொரு கண்ணில் கல் விழுந்துபோன குழி. தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸில் தச்சு வேலை பார்த்தவர். 1935-ல் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய ஸ்டுடியோ அது, நூற்றுக்கும் மேல் படங்கள் எடுத்தது. இன்றைக்கு ஏற்காடு ரோட்டில் போகிறவர்களுக்கு அதன் நுழைவாயில் வளைவுதான் கண்ணில் படும். ராஜா ராணிக் கதை ஒன்றுக்காக தாத்தா கையால் செதுக்கி, படத்தில் வீசி முடித்த பிறகு அவருக்கே திரும்பி வந்த கத்தி இது. பல வருஷம் ஏற்காட்டில் அத்தை வீட்டுப் பரணில் கிடந்து, இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு உள்ளறையில் இருக்கிறது.

இதுபோல கிரீடமோ, கேடயமோ, கவசமோ, ஷூட்டிங்கில் கிடைத்த ஒரு தொப்பியோ உங்கள் வீட்டிலும் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். செட் பிராப்பர்ட்டி என்பது பத்து நாள் ஷூட்டிங்கைத் தாங்கினால் போதும் என்று செய்த பொருள். அதை இன்னும் ஐம்பது வருஷம் நிற்க வைக்க வேண்டுமென்றால் நாம்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பெரிய செலவு கிடையாது, பொறுமைதான் வேண்டும்.

முதல் வேலை, எதையும் துடைக்காமல் இருப்பது. சேலத்தில் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மங்கிப்போன எதைப் பார்த்தாலும் பளபளக்க வைக்கக் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. கத்தி என் கைக்கு வந்த முதல் வாரத்தில், கைப்பிடிக்கு மேலே இருக்கிற தங்கநிறக் குறுக்குப்பட்டையில் பித்தளை பாலிஷ் தொட்டுத் தேய்த்தேன். இரண்டே தேய்ப்பில் இரண்டு அங்குலத்துக்குத் தங்கம் முழுசாகத் துணியில் வந்துவிட்டது. அடியில் பழுப்புக் காகிதம், அதில் பழைய செய்தித்தாளின் அச்செழுத்து, "ரூபா" என்று பாதிச் சொல் ஒன்று. அத்தை வந்து பார்த்தார், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உங்க தாத்தா பூசினது கண்ணு, இனி யாரு பூசுவா?" என்றார். அந்த இரண்டு அங்குலத்தை நான் திருப்பிப் பூசவில்லை, பூசவும் மாட்டேன். போனது போனதுதான், மேலே பூசினால் அது என் வேலையாக இருக்குமே தவிர அவருடையதாக இருக்காது.

ஏன் அப்படி வந்தது என்றால், அது தங்கமும் இல்லை, பித்தளைத் தகடும் இல்லை. பித்தளையை நைஸாகப் பொடித்து வார்னிஷில் குழைத்துப் பூசுகிற கோல்டு பெயிண்ட். தாமிரம் கலந்த பொடி என்பதால் காலப்போக்கில் பழுப்பாகும், சில இடத்தில் பச்சை தட்டும், அது இயல்பு. பாலிஷில் இருக்கிற அராவும் பொடி அந்த மெல்லிய பூச்சை உரித்துவிடும். அதனால் கையில் எடுத்த பொருள் எதனால் ஆனது என்று கண்டுபிடிப்பதுதான் ஆரம்பம். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். மரத்தின் ரேகை, பெயிண்ட் தூக்கிக்கொண்டு நிற்கிற இடம், விரிசல், பூச்சி ஓட்டை எல்லாம் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். மரத்துக்கு மினுமினுப்பு இருந்தால் அரக்கு பாலிஷாக இருக்கலாம். அது ஸ்பிரிட்டில் கரையும், ஆகவே ஸ்பிரிட் பஞ்சு ஆகாது. சானிடைசர் தடவிய கையோடு தொடுவதும் கூடாது, கை நன்றாக உலர்ந்த பிறகு தொடுங்கள். காகிதக்கூழில் பெரும்பாலும் மாவுப்பசை இருக்கும். ஜவ்வரிசி ஊரில் மரவள்ளி மாவுக்கா பஞ்சம்? தாத்தா காய்ச்சியதும் அந்தப் பசைதான் என்று அத்தை சொல்வார். தண்ணீர் பட்டால் இளகும், பூச்சிக்கு அது விருந்து, இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல பேர் தடுக்கி விழுகிற இடம் இது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் செய்த பொருளில் நிறம் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று பூசியிருக்க மாட்டார்கள். ஃபிலிமில் எந்தச் சாம்பலாக விழும் என்று பார்த்துத்தான் பூசுவார்கள். தமிழில் முதல் முழு வண்ணப்படம் 1956-ல்தான் வந்தது, அதையும் எடுத்தது இதே சேலம் ஸ்டுடியோதான். அதற்கு முந்தைய கேடயம் ஒன்றில் விசித்திரமான பச்சையோ காவியோ இருந்தால், யாரோ பிற்பாடு பூசியது என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். அதுவே ஒரிஜினலாக இருக்கலாம். எங்கள் கத்தியில் சிங்கத்தின் பிடரி ஒருவிதக் கத்தரிப்பூ நிறம். நேரில் பார்த்தால் பொருந்தவே பொருந்தாது, படத்தில் அந்த இடம் நல்ல அழுத்தமான சாம்பலாக, முகத்திலிருந்து தனியாகப் பிரிந்து தெரிகிறது.

சரி, தூசியை என்ன செய்வது? சாயம் அடிக்காத, முடி மெத்தென்று இருக்கிற பெயிண்டிங் பிரஷ் ஒன்று, கேமரா லென்ஸுக்கு ஊதுகிற ரப்பர் பம்ப் ஒன்று, இரண்டும் போதும். தூக்கிக்கொண்டு நிற்கிற பெயிண்டின் பக்கமே போகாமல் மற்ற இடங்களில் பிரஷை இழுக்காமல் தட்டித் தட்டித் தூசியைக் கிளப்பிவிட்டு ஊதிவிடுங்கள். பெயிண்ட் செதில் கீழே விழுந்தால் தூக்கிப் போடாதீர்கள், சின்னக் கவரில் போட்டு எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதி வையுங்கள். பெயிண்ட் நிறையத் தூக்கியிருந்தால் நீங்களே பசை போட்டு ஒட்ட முயல வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பாதுகாப்புக்கென்றே ஆய்வுக்கூடம் இருக்கிறது, அந்தத் துறையில் பழகியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். கைப்பிடியில் இருக்கிற வியர்வைக் கறை, மேக்கப் பட்ட இடம், அடியில் சாக்பீஸிலோ பெயிண்டிலோ எழுதிய நம்பர், சுற்றிய டேப், இதையெல்லாம் அழுக்கு என்று நினைக்க வேண்டாம். இந்தப் பொருள் படத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

சாட்சி என்றதும், அதையும் பேசிவிடுவோம். ஒரு ராஜா படத்துக்கு ஒரே கத்தியா செய்வார்கள்? க்ளோசப்புக்கு ஒன்று, சண்டைக்கு இரண்டு மூன்று, பின்னால் நிற்கிற படைவீரர்களுக்கு டஜன் கணக்கில் என்று இருக்கும். உங்களிடம் இருப்பது எது என்று தெரிய வேண்டுமென்றால், கிடைத்ததிலேயே தெளிவான பிரதியைப் போட்டு, அந்தப் பொருள் வருகிற காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். டிசைனை ஒப்பிட்டுப் பயனில்லை, டிசைன் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். குறையை ஒப்பிடுங்கள். மரத்தில் இருக்கிற கணு, பெயிண்ட் வழிந்து உறைந்த சொட்டு, உளி சறுக்கிய கீறல், இவை ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருக்கும். எங்கள் கத்தியில் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி அலகில் நகக்கண் அளவுக்கு ஒரு பிசிறு உண்டு. படத்தில் ஒரு இடத்தில் வெளிச்சம் அலகில் ஓடும்போது அதே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தடுக்குகிறது. அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்படிப் பொருந்தவில்லை என்றால் "ஸ்டுடியோவிலிருந்து வந்தது" என்று மட்டும் எழுதி வையுங்கள், "திரையில் வந்தது" என்று எழுதாதீர்கள். பின்னால் வருகிறவர்களுக்கு நாம் செய்கிற உபகாரம் அது.

யார் கொடுத்தார்கள், எந்த வருஷம், அவருக்கு எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி, தேதியோடு அவர்கள் கையெழுத்தையும் வாங்குங்கள். தள்ளிப்போடாதீர்கள், அவர்களுக்கு நினைவு இருக்கும்போதே வாங்குங்கள். நம்பர் போட வேண்டுமென்றால் பொருள்மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல், பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதிய சீட்டைக் கட்டினால் போதும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அடுத்த வருஷம் விரிசல் வளர்ந்ததா என்று பார்க்க அதுதான் உதவும்.

இனி வீட்டில் எங்கே வைப்பது. இங்கே சேலம் ஒரு கதை, ஏற்காடு வேறு கதை. இருபது மைல்கூட இல்லை, முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஆயிரத்து ஐநூறு மீட்டர் உயரத்துக்குப் போனதும் காற்றே வேறு. சேலத்தில் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை அடுப்புபோலக் கொதிக்கும், மரம் சுருங்கும், பெயிண்ட் விரியும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும், தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும், அங்கே எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் மரம், காகிதம், துணி எல்லாவற்றுக்கும் நல்லது, 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வந்துவிடும். சில நூறு ரூபாயில் டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் கிடைக்கிறது, அதை வாங்கி அறையில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். எண் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரே நாளில் 40-க்கும் 70-க்கும் ஊசலாடுவதுதான் பெயிண்டைக் கொல்கிறது.

எந்த ஊரானாலும், மாடிக்கு நேர் கீழே வேண்டாம், மழை அடிக்கிற வெளிச்சுவர் வேண்டாம், சமையலறைக்கும் குளியலறைக்கும் பொதுவான சுவர் வேண்டாம், மேற்கு ஜன்னலுக்கு எதிரில் வேண்டாம். தரைத்தளத்தில் வீட்டின் நடுவில் இருக்கிற உள்சுவர்தான் நல்லது. பூஜையறையில் வைக்கலாம் என்று வீட்டில் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். மரியாதையில் சொல்வதுதான், ஆனால் விளக்குப் புகையும் சாம்பிராணியும் கற்பூரமும் சேர்ந்து ஒரு வருஷத்தில் எண்ணெய்ப் படலமாக ஒட்டிக்கொள்ளும், அதைத் துடைக்க வழியே கிடையாது.

பெட்டிக்கு வருவோம். நான் முதலில் செய்வித்த பெட்டி தப்பு. பார்க்க அருமையாக இருந்தது. மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப் பலகை பின்பக்கம், புதுசாக அடித்த பெயிண்ட், முன்னால் கண்ணாடி, காற்றே புகாமல் சிலிகான் பூசி மூடினேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் குப்பென்று ஒரு புளிப்பு நெடி, குறுக்குப்பட்டையில் அதுவரை இல்லாத பச்சைப் புள்ளிகள். எம்.டி.எஃப், பிளைவுட், காயாத பெயிண்ட், இவற்றிலிருந்து கசிகிற அமில ஆவி மூடிய பெட்டிக்குள் போக வழியில்லாமல் உலோகப் பொடியைத்தான் தின்னும். இப்போது இருப்பது முழுக்க அக்ரிலிக், அடித்தட்டு மட்டும் பவுடர் கோட்டிங் போட்ட அலுமினியம். மரம்தான் வேண்டும் என்பவர்கள் உட்பக்கத்தை அலுமினியப் படலத்தால் மூடிவிட்டு அதன்மேல் துணி விரிக்கலாம். துணிக்குக் காடாத் துணியே போதும், ஆனால் இரண்டு மூன்று முறை வெந்நீரில் அலசிக் கஞ்சி முழுக்கப் போன பிறகு போடுங்கள், கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். வெல்வெட் வேண்டாம், அதன் சாயம் இறங்கும்.

பெட்டியின் அடியில் தட்டுப்போல ஒரு மறைவிடம் விட்டு, காற்றின் ஈரத்தைக் குடிக்கிற சிலிகா ஜெல் மணிகளை வையுங்கள். ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள். நீலத்திலிருந்து ரோஸாக மாறுகிற பழைய வகையில் கோபால்ட் உப்பு இருக்கும், அது உடம்புக்கு ஆகாது. ஈரம் குடித்து நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். நாலடிக்கு ஒரு அடி பெட்டிக்கு நான் அரை கிலோ வைக்கிறேன், அதுவும் மழை மாதங்களில் மட்டும். வெயில் காலத்தில் சேலத்தில் அதை எடுத்துவிடுவேன், ஏற்கனவே காய்ந்த காற்றை இன்னும் காயவைத்தால் மரம் வெடிக்கும். மீட்டரைப் பார்த்துத்தான் கூட்டுவதும் குறைப்பதும்.

கத்தியை ஆணியில் மாட்டாதீர்கள், கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிடாதீர்கள், இரட்டைப் பக்க டேப்பை நினைக்கவே வேண்டாம். படுக்கை வாக்கில், இரண்டு தாங்கிகள்மேல், எடை மரத்தின்மேல் மட்டும் இறங்குகிற மாதிரி வையுங்கள். ஒரு தாங்கி குறுக்குப்பட்டைக்குப் பக்கத்தில் அலகின் கீழே, இன்னொன்று முனையிலிருந்து ஒரு முழம் உள்ளே. சிங்கமுகம் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். தாங்கிக்கும் அலகுக்கும் நடுவே எலக்ட்ரானிக் சாமான் பேக்கிங்கில் வருகிற வெள்ளை பாலிஎத்திலீன் ஃபோமை வெட்டி வைக்கலாம். மெத்தைக்குப் போடுகிற ஸ்பாஞ்ச் சில வருஷத்தில் பொடிந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல்கடை தள்ளிப் பொருத்துங்கள். காற்றும் ஓடும், கரையான் ஏறினால் கண்ணிலும் படும். கிரீடமாக இருந்தால் உள்ளே தலை அளவுக்கு அதே ஃபோமில் ஒரு உருண்டை செய்து அதன்மேல் உட்கார வைக்க வேண்டும், விளிம்பில் எடை இறங்கக் கூடாது.

வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழியுங்கள். வெளுத்த சாயம் திரும்பி வராது, ஒவ்வொரு மணி நேரமும் முந்தைய மணி நேரத்தோடு கூடிக்கொண்டே போகும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற கணக்கில் அளப்பார்கள். பெயிண்ட் பூசிய மரத்துக்கு 200 லக்ஸ் வரை சரி, சாயத்துணி, பட்டு, காகிதம் என்றால் 50 லக்ஸ்தான். போனில் இருக்கிற லக்ஸ் ஆப் தோராயமாகக் காட்டும், அது போதும். 50 லக்ஸில் எட்டு மணி நேரமும் 200 லக்ஸில் இரண்டு மணி நேரமும் ஒரே சேதம்தான், ஆகவே எல்.இ.டி.யைப் பெட்டிக்கு வெளியே வைத்து, ஆள் வரும்போது மட்டும் போடுங்கள். பெட்டிக்குள் விளக்கு வைத்தால் சூடு உள்ளேயே தங்கும்.

பூச்சிக்கு அந்துருண்டை போடுகிறார்கள், வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்கையும் பிசினையும் இளக்கும், நமக்கும் கெடுதல். பழைய ஓலைச்சுவடிக்கு வைப்பதுபோல வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்கு வெளியே வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. கண்தான் காவல். கத்திக்கு அடியில் விரித்த வெள்ளைத் துணியில் மஞ்சள் மாவுபோலக் கொஞ்சம் கொட்டியிருந்தால் வண்டு உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே எடுத்துத் தனியாகப் பாலிதீனில் சுற்றி மற்ற மரச்சாமானிலிருந்து விலக்குங்கள். ஸ்பிரே அடித்தால் பெயிண்ட் போகும். காபித்தூள் பாக்கெட்டில் இருப்பதுபோல அலுமினியப் படலம் ஒட்டிய பெரிய உறைக்குள் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கிற அப்சார்பர் பாக்கெட்டுகளோடு வைத்து, ஓரத்தைச் சூட்டில் ஒட்டி மூன்று வாரம் விட்டால், மூச்சு முட்டி வண்டும் அதன் புழுவும் செத்துவிடும். பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. சாதாரண பாலிதீன் கவர் இதற்கு உதவாது, காற்று ஊடுருவும்.

மலையிலிருந்து கீழே கொண்டுவருகிறவர்கள் கவனியுங்கள். ஏற்காட்டுக் குளிரில் இருந்த பொருளை ஒரு மணி நேரத்தில் சேலத்துக்கு இறக்கி உடனே பிரித்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்புபோல மேலெல்லாம் வியர்க்கும். காடாத் துணி, அதற்குமேல் பாலிதீன் என்று சுற்றி, வீட்டுக்கு வந்ததும் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். காரில் பின் கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. மரக்கத்திக்குக் கவலை இல்லை. அசல் எஃகு வாளாக இருந்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பொருந்தக்கூடும், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சாமியார் வேஷத்துக்குப் போட்ட புலித்தோல் நிஜத்தோலாக இருந்தால் உரிமைச் சான்றிதழ் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பொருளோடு பழைய ஃபிலிம் துண்டுகளும் வந்தால் அவற்றைப் பீரோவில் பூட்டாதீர்கள். 1950-களின் தொடக்கம் வரை வந்த ஃபிலிம் நைட்ரேட்டாக இருக்கலாம், அது சூட்டில் தானே பற்றக்கூடியது. புனேயில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்பதுதான் வழி.

வருஷத்துக்கு ஒரு தடவை முழுசாகத் திறந்து பார்க்க எங்கள் வீட்டில் ஒரு நாள் குறித்திருக்கிறோம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அன்றைக்கு அத்தை மலையிறங்கி வந்துவிடுவார். கை கழுவித் துடைத்து, கத்தியை இரண்டு கையாலும் அலகில் ஏந்தி எடுத்து வெள்ளைத் துணியில் வைத்து, தூசி ஊதி, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்து, போன வருஷப் போட்டோவோடு ஒப்பிட்டு, புது போட்டோ எடுத்து, ஜெல்லை மாற்றி, மறுபடி உள்ளே வைத்து மூட இரண்டு மணி நேரம் ஆகும். மறுநாள் உளி, சுத்தியல், இழைப்புளி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது இதற்கும் வைக்க வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டார். சந்தனத்தில் தண்ணீர், குங்குமத்தில் சாயம், இரண்டும் பெயிண்டில் இறங்கினால் போகாது. அதனால் பெட்டிக்கு வெளியே, அக்ரிலிக்கின்மேல், சிங்கத்தின் நெற்றிக்கு நேராக அவரே ஒரு பொட்டு வைக்கிறார். கல் இல்லாத கண்ணுக்கு மேலே, கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி. மூன்றாம் நாள் ஈரத்துணியால் நான் துடைத்துவிடுகிறேன்.